ஹனோயில் விடியும்போது ஹவானாவில் இருட்டும்: கியூபா–வியட்நாம் நட்பு பற்றி ஆற்றிய உரை



உலக உருண்டையில் கியூபா மேல ஒரு விரலையும் வியட்நாம் மேல இன்னொரு விரலையும் வெச்சுப் பாருங்க. கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கம். கியூபாவில் குளிர்கால நேரம் நடக்கும்போது ரெண்டு நாட்டுக்கும் சரியா 12 மணி நேர வித்தியாசம். மொழி வேற, உணவு வேற, பொது எல்லைன்னு எதுவும் கிடையாது. இப்படிப்பட்ட இரண்டு நாடுகள் 1960 டிசம்பர் 2 அன்று தூதரக உறவு ஏற்படுத்திக்கொண்டன. இன்றுவரை அந்த உறவு அறுந்ததில்லை.

"ரெண்டும் கம்யூனிஸ்ட் கட்சி ஆளுற நாடு, அதனால நட்பு, இதுல என்ன அதிசயம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கொள்கை ஒன்றாக இருந்தால் மட்டும் நட்பு வந்துவிடாது, தோழர்களே. 1979-இல் சீனாவும் வியட்நாமும் போரிட்டதை உலகமே பார்த்தது. கியூபா–வியட்நாம் உறவு நிலைத்ததற்குக் காரணம் வேற. தன்னிடம் மிச்சம் இருந்ததைக் கொடுத்த உறவு இல்லை இது. இல்லாத காலத்திலும் பங்கிட்டுக் கொடுத்த உறவு.

1973-ஐ எடுத்துக்குவோம். அந்த ஜனவரியில் பாரிஸ் உடன்பாடு கையெழுத்தானது, அமெரிக்கத் துருப்புகள் வெளியேறின. ஆனால் சைகோன் அரசின் படைகளோடு சண்டை ஓயவில்லை. அந்தச் செப்டம்பரில் பிடல் காஸ்ட்ரோ ஹனோய் வந்தார். சிலியில் அலெண்டே அரசைக் கவிழ்த்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. லத்தீன் அமெரிக்காவில் தன் நெருங்கிய நண்பரை இழந்த நேரம். பயணத்தை ரத்து பண்ணிட்டுத் திரும்பியிருந்தா யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. பிடல் திரும்பவில்லை. வியட்நாம் பிரதமர் பாம் வான் டோங்கோடு தெற்கே கிளம்பினார். டாங் ஹோய் வரைக்கும் விமானம், அங்கிருந்து குண்டுக்குழி நிறைந்த சாலையில் கார். 17-வது அட்சக்கோட்டைத் தாண்டி, விடுவிக்கப்பட்ட குவாங் ட்ரி மண்ணில் போய் நின்றார். போர் முடியாத காலத்தில் தெற்கின் விடுவிக்கப்பட்ட பகுதிக்குள் வந்த ஒரே வெளிநாட்டுத் தலைவர் அவர்தான்.

வெறும் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஐந்து திட்டங்களை கியூபா கட்டிக்கொடுக்கும் என்று அறிவித்தார்: ஒரு மருத்துவமனை, ஒரு விடுதி, ஒரு மாட்டுப் பண்ணை, ஒரு கோழிப் பண்ணை, ஒரு சாலை. பட்டியலைப் பாருங்க. சிலை இல்லை, நினைவு வளைவு இல்லை. பாலும் முட்டையும் மருந்தும்! ஹனோய் மேற்கு ஏரிக்கரையில் நிற்கும் அந்த விடுதிக்கு 'தாங் லோய்' என்று பெயர். 'வெற்றி' என்று அர்த்தம். மருத்துவமனை டாங் ஹோயில், அமெரிக்கக் குண்டுகள் தரைமட்டமாக்கிய அதே ஊரில் எழுந்தது. 1981-இல் திறந்தார்கள். வியட்நாம்–கியூபா நட்பு மருத்துவமனை என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

இதையெல்லாம் கொடுத்த கியூபா என்ன பணக்கார நாடா? 1962 முதல் அமெரிக்கப் பொருளாதாரத் தடையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒரு சின்னத் தீவு. அதுவும் 1967-ஆம் ஆண்டுக்கே 'வீர வியட்நாம் ஆண்டு' என்று பெயர் சூட்டிய தீவு.

காலம் திரும்பியது. போருக்குப் பிறகு வியட்நாமுக்கே சோத்துக்குத் தட்டுப்பாடு. அமெரிக்கத் தடை அவர்கள் தலையிலும் 1994 வரை தொங்கியது. 1986-இல் 'தோய் மோய்' சீர்திருத்தம் வந்தது, நிலம் விவசாயிகள் கைக்கு வந்தது, மூணே வருஷத்தில், 1989-இல், அரிசி இறக்குமதி செய்த நாடு அரிசி ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. சரியாக அதே சமயத்தில்தான் சோவியத் யூனியன் சரிந்து கியூபா நிலைகுலைந்தது. கியூபாக்காரர்களுக்கும் நம்மைப் போலத்தான், சோறு இல்லாமல் சாப்பாடு இல்லை. கறுப்பு அவரையும் சோறும் அவர்களுடைய அன்றாட உணவு. அந்தச் சோற்றுக்கு அரிசி வியட்நாமிலிருந்து கப்பலேறியது, பணத்தைப் பிறகு கொடுத்தால் போதும் என்ற ஏற்பாட்டில்.

இங்கேதான் நான் உங்களைக் கொஞ்சம் நிதானமா யோசிக்கச் சொல்றேன். இன்றைய வியட்நாமின் மிகப் பெரிய ஏற்றுமதிச் சந்தை எது? அமெரிக்கா. 2023-இல் அமெரிக்காவோடு உறவை மிக உயர்ந்த நிலைக்குக் கொண்டுபோனார்கள். கியூபாவைக் கொஞ்சம் கைகழுவினால் வாஷிங்டனில் நல்ல பெயர் கிடைக்கும். செய்தார்களா? இல்லை. கியூபா மீதான தடையை நீக்கச் சொல்லி ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வரும்போதெல்லாம் வியட்நாம் ஆதரித்து வாக்களிக்கிறது. வாஷிங்டனோடு வியாபாரமும் பேசலாம், பழைய நண்பனையும் விடாமல் இருக்கலாம் என்பதற்கு இதைவிட நடைமுறை உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

கியூபாவில் எல்லாம் சரியாக நடக்குதுன்னு நான் சொல்ல வரல. தடைதான் கழுத்தை நெரிக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் விளைச்சலில் அவர்கள் பக்கமும் கோளாறு இருக்கிறது. அது வியட்நாம்காரர்களுக்கும் தெரியும். அதனால்தான் மூட்டை அனுப்புவதோடு நிற்காமல் விதையும் ஆளும் அனுப்பினார்கள். பினார் தெல் ரியோ மாகாணத்தில், லோஸ் பலாசியோஸ் வயல்களில், இன்று ஒரு வியட்நாம் நிறுவனம் நேரடியாக நெல் பயிரிடுகிறது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கையில் விளைநிலத்தைக் கொடுப்பது கியூபாவுக்கும் லேசான முடிவு இல்லை, நண்பன் என்பதால் கொடுத்திருக்கிறார்கள். அந்த வயலில் கியூபா சராசரியைவிடப் பல மடங்கு விளைந்திருக்கிறது.

2024 அக்டோபரில் கியூபா முழுக்க மின்சாரம் போனது உங்களுக்கு நினைவிருக்கும். மறு வருஷம், 2025 ஆகஸ்ட் 13, பிடல் பிறந்த நாள். 65 ஆண்டு உறவை நினைத்து வியட்நாம் செஞ்சிலுவைச் சங்கம் கியூபா மக்களுக்காக நிதி திரட்டத் தொடங்கியது. இலக்கு 6,500 கோடி டாங். நம்ம காதுக்குப் பெரிய தொகையாகத் தெரியும், டாலரில் சுமார் 25 லட்சம்தான். சில நாட்களிலேயே இலக்கு தாண்டியது. ஜனங்க நிறுத்தவில்லை. கணக்கு முடிந்தபோது 60,000 கோடி டாங்குக்கு மேல் வந்திருந்தது, இலக்கைப் போல ஒன்பது மடங்கு. கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் குவாங் ட்ரிக்கு பிடல் வந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். வீட்டில் யாரோ அவர்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.