வாகனத்தின் அழகும் அதன் மீதுள்ள ஹக்கும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தினர், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்துக்குரிய பெற்றோர்களே! அன்பின் இளைஞர்களே!

எமது இளைஞர்கள் பலரிடம் மோட்டார் வாகனங்கள் மீது தனியானதொரு மோகம் இருக்கின்றது. வீதியில் போகும் கார் சாதாரண வெள்ளையா, பேர்ள் வைட்டா என்பதைத் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்வார்கள். விடுமுறை நாளில் வாளியும் துணியுமாக முற்றத்தில் இறங்கினால் மதியம் வரை எழும்ப மாட்டார்கள். இதனை வெறும் பைத்தியம் என்று கடிந்துகொள்ளும் வாப்பாமாரும் உளர். ஆனால், மார்க்கம் இதனை ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை.

ஸூரா அந்நஹ்லின் 6ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். கால்நடைகளைக் காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும்போதும் மாலையில் திருப்பி ஓட்டி வரும்போதும் அவற்றில் மனிதனுக்கு ஓர் அழகு இருப்பதாக அல்லாஹு தஆலா சொல்லிக் காட்டுகின்றான். 8ஆம் வசனத்திலே குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவை ஏறிச் செல்வதற்காகவும் அலங்காரமாகவும் படைக்கப்பட்டன என்று கூறி, மனிதர் அறியாதவற்றையும் தான் படைப்பதாகச் சேர்த்துச் சொல்கின்றான். ஆக, வாகனத்தைப் பார்த்துக் கண் குளிர்வது மனிதனின் இயல்பு. அந்த இயல்பை வைத்தவனும் அவனே. பேர்ள் வைட் நிறம் வெயிலில் மின்னுவதற்குக் காரணம், அந்தப் பூச்சினுள்ளே கலந்திருக்கும் மைக்கா போன்ற நுண்ணிய துகள்கள்தாம். அந்த மைக்காவை மண்ணுக்குள் வைத்தவன் யார்? நிறத்தை ரசிக்கும் இளைஞன் இதனையும் ஒரு கணம் சிந்தித்து ஸுப்ஹானல்லாஹ் என்று சொன்னால், அந்த ரசனையே திக்ராகிவிடும்.

சுத்தமும் அவ்வாறே. கடற்கரையோர ஊர்களில் உப்புக் காற்று தகட்டை அரிக்கும். பறவை எச்சம் காய்ந்தால் மேற்பூச்சில் வடு விழும். மண் ஒட்டிய துணியால் தேய்த்தால் நுண்ணிய கீறல்கள் வட்டம் வட்டமாகத் தெரியும். நல்ல வெயிலில் நிறுத்திக் கழுவினால் நீர்ப்புள்ளிகள் படியும். இவற்றையெல்லாம் அறிந்து வாகனத்தைப் பேணுபவன், அல்லாஹ் தந்த பொருளை வீணாக்காதவன். அவனை நாம் குறை கூறலாகாது.

ஆனால் தண்ணீர் விடயத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் வுழூச் செய்வார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையான நீரில் குளிப்பார்கள் என்று அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கின்றது. ஒரு முத்து என்பது ஏறத்தாழ முக்கால் லீற்றர். திறந்துவிட்ட குழாயிலிருந்து ஒரே நிமிடத்தில் 10 லீற்றருக்கும் மேல் ஓடிவிடும். அரை மணி நேரம் குழாயைத் திறந்து போட்டுவிட்டுக் கைபேசியில் கதைத்துக்கொண்டு டயர் தேய்ப்பவன், வரட்சிக் காலத்தில் பவுசர் தண்ணீருக்காக வரிசையில் நிற்கும் அடுத்த தெருக்காரரை நினைக்க வேண்டாமா? இரண்டு வாளி போதும். ஒன்றில் சவர்க்கார நீர், மற்றையதில் துணியை அலசும் நீர். கீறலும் விழாது, நீரும் வீணாகாது.

நேரத்தின் கதை இதைவிடக் கனமானது. ஸூரா ஸாதில் ஸுலைமான் (அலை) அவர்களுக்கு மாலை வேளையில் உயர்ந்த குதிரைகள் காட்டப்பட்ட சம்பவம் வருகின்றது. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததில் இறை தியானத்துக்குரிய நேரம் கடந்துவிட்டதையிட்டு அவர்கள் வருந்தினார்கள் என்றே தஃப்ஸீர் ஆசிரியர்கள் பலர் விளக்குகின்றனர். ஒரு நபிக்கே குதிரையின் அழகு அவ்வாறென்றால், வெள்ளிக்கிழமை காலை முழுவதும் மெழுகு தேய்த்துவிட்டு, இமாம் மிம்பரை விட்டு இறங்கும் நேரத்தில் பள்ளிக்கு ஓடி வரும் நம் பிள்ளையின் நிலை என்ன? போதாததற்கு, அவசரத்தில் காரைப் பாதைக்குக் குறுக்கே நிறுத்திவிட்டும் வருகின்றார். பாதையிலுள்ள தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்ற சமூகம் நாம்!

பெற்றோர்களே, இப்போது உங்களிடம் வருகின்றேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. வரிகளும் சேர்ந்து நிற்கும் விலையை நீங்கள் அறிவீர்கள். மகன் கேட்கின்றான், மருமகன் வீட்டார் எதிர்பார்க்கின்றார்கள் என்பதற்காக உம்மாவின் நகையை அடகு வைத்து, மிகுதிக்கு வட்டி லீசிங்கில் கையொப்பமிடும் குடும்பங்கள் இருக்கின்றன. வட்டி உண்பவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சிகள் யாவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்து, அவர்கள் அனைவரும் சமமே என்று கூறியதை ஜாபிர் (ரழி) அறிவிக்க, முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கொடுப்பவரும் அதில் அடங்குவார் என்பதைக் கவனியுங்கள். ஷரீஆ மேற்பார்வையுடன் கூடிய இஜாரா முறை நம் நாட்டில் உண்டு. அதிலும் பெயரை மட்டும் நம்பாமல், ஒப்பந்தத்தை விடயம் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். அதுவும் இயலாதெனில் பஸ் இருக்கின்றது, முச்சக்கர வண்டி இருக்கின்றது. அதில் ஏறுவது இழுக்கல்ல.

அழகிய ஆடையை விரும்புவது பெருமையா என்று கேட்கப்பட்டபோது, அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகின்றான் என்றும், பெருமை என்பது சத்தியத்தை மறுப்பதும் மனிதரை இழிவாக நோக்குவதுமே என்றும் அண்ணலார் (ஸல்) விளக்கினார்கள். பளபளக்கும் கதவில் விரலை வைத்துவிட்ட ஏழைச் சிறுவனை அதட்டும்போது எது வெளிப்படுகின்றது என்று எண்ணிப் பாருங்கள். விரல் அடையாளம் ஈரத் துணியால் போய்விடும்.

நபியவர்களின் அழ்பா என்ற ஒட்டகத்தை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒரு நாள் கிராமத்து அரபி ஒருவரின் இளம் ஒட்டகம் அதனை முந்தியபோது ஸஹாபாக்களுக்கு மனம் சங்கடமாயிற்று. உலகில் உயர்ந்து நிற்கும் எதனையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்றே நபியவர்கள் சொன்னார்கள். புஹாரியில் உள்ள செய்தி இது. இந்த வருட மாடலை அடுத்த வருட மாடல் முந்தும்போதும் இதுதான் நடக்கின்றது.

குதிரை வைத்திருப்போரில் ஒருவருக்கு அது நன்மை, ஒருவருக்குத் திரை, ஒருவருக்குப் பாவம் என்ற ஹதீஸும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். இரண்டாமவர் அதன் பிடரியிலும் முதுகிலும் உள்ள அல்லாஹ்வின் ஹக்கை மறக்காதவர். இன்றைய காரின் முதுகில் உள்ள ஹக்கு எது? சுபஹுக்குத் தடியூன்றி நடந்து வரும் முதியவருக்கு முன் ஆசனம். நள்ளிரவில் பிரசவ வலியோடு தவிக்கும் அயல் வீட்டுச் சகோதரிக்குப் பின் ஆசனம். அப்போது சீற்றில் கறை படியும், கதவில் சேறு படியும். மறுநாள் காலையில் அதே இரண்டு வாளியை எடுத்துக் கழுவிக்கொள்ளலாம்.