இறுக்கமாக இருந்தால் போதுமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

படித்தது பி.காம்., பார்த்தது வங்கி கிளார்க் வேலை. உலோகத்தைப் பற்றிப் பேச இவர் யார் என்று நினைப்பீர்கள். போன மழைக்காலத்தில் எங்கள் சமையலறை சிங்க் அடியில் ஒரு பித்தளை நட் நடுராத்திரியில் பிளந்து, கீழ்வீட்டு சீலிங் முழுவதும் நனைந்தது. பெயின்ட் செலவு என்னுடையது! நட்டோ பார்க்கப் புதிதுபோல இருந்தது.

நம் பி பிளாக் பொறியாளர் நண்பர் அதைப் பார்த்துவிட்டு, "சார், இது ஸ்ட்ரெஸ் கரோஷன் கிராக்கிங்" என்றார். இதற்கு மூன்று பேர் கூட்டு வேண்டும்: இடம் கொடுக்கும் உலோகம், ஓயாத இழுவிசை, அதற்கு ஆகாத ஈரம் அல்லது ரசாயனம். ஒருவர் விலகினாலும் விரிசல் வராது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் இப்படித்தான் வெடித்தன. காரணம் அங்கிருந்த அமோனியா.

விமானத்துக்கும் இதே வியாதி உண்டு. துத்தநாகம், மெக்னீசியம், செம்பு கலந்த மிக உறுதியான அலுமினியத்தை 1936-இல் ஜப்பானின் சுமிடோமோ நிறுவனம் உருவாக்கியது; ஜீரோ போர் விமானத்தில் அது பயன்பட்டது. விரிசலைத் தடுக்கவே அதில் கொஞ்சம் குரோமியம் சேர்த்தார்கள். அதே குடும்பம்தான் அமெரிக்காவின் 7075. அதை டி6 என்ற முறையில் சூடாக்கிப் பதப்படுத்தினால் உச்ச பலம் கிடைக்கும். ஆனால் தடிமனான பாகங்களில், உப்பு ஈரம் பட்டால், அளவுக்குள் இருக்கும் சுமையிலேயே உள்ளே விரிசல் ஓடும்.

பிறகு வந்தது டி73. இன்னும் அதிகச் சூட்டில் இரண்டாம் முறை பதப்படுத்துவார்கள். பலத்தில் சுமார் 10 முதல் 15 சதவீதம் குறையும். விரிசலைத் தாங்கும் சக்தியோ பல மடங்கு கூடும். வங்கியில் நான் பார்த்ததும் இதுதான். சம்பளம் முழுவதையும் இஎம்ஐக்கு எழுதிக் கொடுத்தவர் ஒரு ஆஸ்பத்திரி பில்லில் உடைந்துபோவார். கொஞ்சம் ஒதுக்கி வைத்தவர் தாங்குவார்.

நம் ஜன்னல் பிரேம்கள் பெரும்பாலும் 6063 ரகம். அதற்கு இந்தப் பயம் வேண்டாம். பித்தளை நட்டைத்தான் கவனியுங்கள். பிளம்பரிடம் "இன்னும் நல்லா முறுக்குப்பா" என்று சொன்னவன் நான்தான். அமோனியா கலந்த கிளீனர் பாட்டிலை அதன் பக்கத்திலேயே வைத்தவனும் நான்தான். அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள். ஊருக்குப் போகும்போது மெயின் வால்வை மூடிவிட்டுப் போங்கள்.