தண்ணி எங்கே எடுக்கிறீங்க?

(மாணவர் சந்திப்பொன்றில் மருத்துவ மாணவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. குழந்தைகள் பிரிவு ஓ.பி.யில் போஸ்டிங் போட்டிருந்தபோது நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். நடந்தபடியே சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்கே சீட்டு வரிசை வராந்தாவைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் நிற்கும். இடுப்பில் பிள்ளை, கையில் வயர்கூடை. ஒரு பிள்ளைக்கு ரெண்டு நிமிஷம் கிடைத்தால் அதிகம். டாக்டர்களைத் திட்டிப் பிரயோசனமில்லை, கூட்டம் அப்படி.

எனக்குக் கொடுத்தது ஒன்றரை வயதுப் பையன். மூணு நாளாக வயிற்றுப்போக்கு. எடை 8 கிலோ. புஜத்தில் நாடாவைச் சுற்றினால் 12 செ.மீ. 11.5-க்குக் கீழே போயிருந்தால் கடுமையான ஊட்டக்குறைவு என்று எழுதியிருப்போம். அரை செ.மீ.யில் தப்பினான். கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்பியது. டம்ளரைக் காட்டினால் தாவுகிறான். கிலோவுக்கு 75 மில்லி கணக்கில் 600 மில்லி ஓ.ஆர்.எஸ்., நாலு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். அம்மா கரண்டி கரண்டியாகப் புகட்டினார். மத்தியானத்துக்குள் பயல் என் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுக்கிறான்! உப்பும் சர்க்கரையும் செய்கிற வேலை அது. 1971-இல் வங்கதேச அகதிகள் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதைத்தான் டிரம்மில் கரைத்து வைத்துக் கொடுத்தார்.

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். நாலு மாசத்தில் இது மூணாவது தடவை. "ஏம்மா, தண்ணியக் காய்ச்சிக் கொடுன்னு எத்தன வாட்டி சொல்றது?" என்று கேட்டுவிட்டேன். தோழர்களே, அது எங்க வீட்டுக் குரல் இல்லை. அந்த வராந்தாவில் கேட்டுக் கேட்டு என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்த குரல்.

அந்தம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சாருக்கு எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "ஊருக்குள்ளயா, காலனியா?"

ஹாஸ்டலில் மூணு வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவிக்கொண்டிருந்தவன் நான். "காலனிதாம்மா" என்றேன். அதோடு 'சார்' போய் 'தம்பி' ஆனது.

"நாங்களும் காலனிதான் தம்பி. ஊருக்கு ரெண்டு மணி நேரம் உட்டுட்டுக் கடைசியாத்தான் எங்க பக்கம் வால்வத் திருப்புவாங்க. அரை மணி வரும். மொத ரெண்டு கொடம் சாக்கட நாத்தம். அதக் கொட்டிட்டா மிச்சம் பத்தாது. காய்ச்சச் சொல்றீங்க, சிலிண்டரு தீந்து இருவது நாளாச்சு."

அடுத்த நாள் கேஸ் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொன்னேன். "தாயின் அறியாமைன்னு ஒரு வரியில எழுது. பாக்டீரியாவுக்கு சாதி தெரியாதுப்பா" என்றார் ஆசிரியர். நல்ல மனிதர்தான், நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர். பாக்டீரியாவுக்குத் தெரியாது, சரி. வால்வைத் திருப்புகிற கைக்குத் தெரியுமே! அதை அன்றைக்கு நான் சொல்லவில்லை. மார்க் அவர் கையில்.

கேஸ் ஷீட்டில் சமூகப் பொருளாதார நிலைக்கென்று ஒரு கட்டம் உண்டு. குப்புசாமி அளவுகோல்படி படிப்பு, தொழில், வருமானம் கேட்டு மார்க் போடுவோம். சாதி அதில் கிடையாது. கிராமத்துக்கென்று 1964-இல் உதய் பாரீக் போட்ட அளவுகோலில் இருக்கிறது. தாழ்த்தப்பட்ட சாதி என்றால் 1 மார்க், ஆதிக்க சாதி என்றால் 6. வேடிக்கையைப் பாருங்கள், சாதிக்கு மார்க் போடத் தெரிந்திருக்கிறது. ஆனால் இந்த ரெண்டிலும் உன் வீட்டுக்குத் தண்ணீர் யாருக்குப் பிறகு வருகிறது என்ற கேள்வி இல்லை.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது வெளியே வந்தது எப்படி? பிள்ளைகளுக்கு உடம்பு முடியாமல் போனது. மருத்துவம் பார்த்த இடத்தில் தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள். பிறகுதான் தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள். அங்கேயும் தாயின் அறியாமை என்று எழுதி அனுப்பியிருந்தால்?

பையன் வீட்டுக்குப் போனான், 14 நாளைக்குத் துத்தநாக மாத்திரையோடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் ரெண்டு நண்பர்களும் குளோரின் பார்க்கிற பெட்டியை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனோம். சாதாரணச் சோதனைதான். மருந்துத் துளியை விட்டால், குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். ஊர்க் குழாயில் மஞ்சள். காலனிக் கடைசிக் குழாயில் பச்சைத் தண்ணீர் அப்படியே நின்றது. குழாய் போகிற வழியில் நடந்து பார்த்தோம். சாக்கடைக்குள்ளேயே முப்பது அடி போகிறது, ரெண்டு இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருக்கிறது. தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் விழும். கசிகிற இடம் அப்போது சாக்கடையை உறிஞ்சும். மறுநாள் முதல் குடத்தில் வருவது அதுதான்.

மனு எழுதியாகிவிட்டது. குழாயைச் சாக்கடையிலிருந்து தூக்கிப் போட வேண்டும், காலனிக்குத் தனி வால்வு வேண்டும், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் முதலில் காலனிக்குத் திறக்க வேண்டும். கடைசிக் கோரிக்கை வேண்டாம், சண்டை வரும் என்று காலனிப் பெரியவர்களே பயப்பட்டார்கள். அந்தம்மாதான், "அது இல்லாட்டி நான் கைநாட்டு வைக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

வர்ற திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போறோம். காலனியிலிருந்து பதினோரு பெண்கள் வர்றாங்க, அன்றைக்குக் கூலி போனாலும் பரவாயில்லைன்னு. உங்களில் யார் வர்றீங்கன்னு கூட்டம் முடிஞ்சதும் பேர் குடுங்க.