மளிகைச் சீட்டு புனிதப் பொருளான கதை



இன்று நாம் சொல்லப்போவது ஒரு கதைப் புத்தகத்தைப் பற்றியாகும். விஞ்ஞானக் கதையென்றால் பிள்ளைகள் சமாசாரமென்று படித்தவர்களே ஒதுக்கி விடுகிறார்கள். நாமும் வெகுகாலம் அப்படித்தான் இதைத் தொடாமலிருந்தோம் என்பதை ஒப்புக் கொள்ளுகிறோம்.

புத்தகத்தின் பெயர் 'எ கான்டிக்கிள் ஃபார் லீபோவிட்ஸ்'. எழுதியவர் வால்ட்டர் மில்லர் என்னும் அமெரிக்கர். 1955 முதல் 1957 வரை பத்திரிகையில் மூன்று கதைகளாக வந்து, 1959-ல் புத்தகமாகி, 1961-ல் ஹியூகோ பரிசும் பெற்றது. 1944 பிப்ரவரி 15-ந் தேதி இத்தாலியில் மாண்டி கஸீனோ என்ற பழைய மடத்தைக் குண்டு போட்டு இடித்தார்களல்லவா? அந்தத் தாக்குதலில் விமானமேறிப் போனவர்களில் இவரும் ஒருவர். மடத்தை இடித்த கையே மடத்தைப் பற்றி எழுதிற்று.

கதை என்னவென்றால், அணுகுண்டு யுத்தத்தில் உலகம் அழிகிறது. மிஞ்சிய ஜனங்கள் ஆத்திரங்கொண்டு படித்தவர்களைக் கொன்று, புத்தகங்களையும் கொளுத்துகிறார்கள். லீபோவிட்ஸ் என்ற இஞ்சினீயர் சந்நியாசியாகி, புத்தகங்களை ஒளித்துக் காப்பாற்றி, அதற்காகவே உயிரையும் விடுகிறார். பல நூறு வருஷங்களுக்குப் பின், பிரான்சிஸ் என்ற சின்னச் சாமியார் பாலைவனத்தில் ஒரு பழைய நிலவறையைக் காண்கிறார். அணுத்தூசிக்குப் பயந்து பதுங்கக் கட்டிய அறை அது. இவரோ அணுத்தூசி என்பது ஒரு பூதத்தின் பெயரென்றெண்ணி நடுங்குகிறார்! உள்ளே கிடைத்தது என்ன? லீபோவிட்ஸ் கடைக்குப் போகக் குறித்து வைத்த சாமான் சீட்டும், ஒரு யந்திரப் படமும். இறைச்சியும் ரொட்டியும் வாங்கி வரக் குறித்த சீட்டு புனிதப் பொருளாகி விடுகிறது. படத்தின் அர்த்தம் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் பிரான்சிஸ் 15 வருஷம் உட்கார்ந்து தங்க வேலைப்பாட்டுடன் அதற்கு நகல் எழுதுகிறார். வழிப்பறிக்காரன் அந்த நகலைப் பிடுங்கிக் கொண்டு, மூலத்தை விட்டு விடுகிறான். பளபளப்பு மூலத்தைக் காத்தது!

சிரித்தோம், சிரித்த பிறகு வெட்கமும் வந்தது. அர்த்தம் கேளாமல் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவர்கள்தானே நாம்?

மில்லர் 1947-ல் கத்தோலிக்கரானவர். அதனாலேயே இதைத் தள்ள வேண்டுமென்று ஒரு தோழர் நம்மிடம் வாதாடினார். நாம் சம்மதிக்கவில்லை. சாமியார்களின் அசட்டுத்தனத்தை அவர் மறைக்கவேயில்லை. அவர்கள் காகிதங்களைக் காத்ததும் பொய்யல்ல.

இரண்டாம் பாகத்தில், அதே மடத்துச் சாமியாரொருவர் டைனமோ செய்து விளக்கேற்றுகிறார். மூன்றாம் பாகத்தில் மறுபடியும் அணுகுண்டு! மனிதனுடைய பிறவிக் குணமே இதுதானென்று ஆசிரியர் நினைப்பதாகத் தோன்றுகிறது. அங்கேதான் நமக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. குண்டு போட உத்தரவிடுகிறவர்கள் சிலர். சாகிறவர்கள் வேறு பலர். பிறவிக் குணமென்றால் அந்தச் சிலர் தப்பித்துக் கொள்ளுவார்களே! இது தவறென்று நினைக்கும் தோழர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு அடுத்த கூட்டத்தில் நம்மோடு சண்டைக்கு வரலாம்.