ஆறு விழுங்கியதா, அணை விழுங்கியதா?

(தேனியில் மாணவர் வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழல் நாவல்களை நாம எப்படி வாசிக்கிறோம்? ‘ஆறு ஊரை விழுங்கியது’, ‘காடு பழிவாங்கியது’ என்று வந்தால் கண் கலங்குது. இயற்கைக்கு விருப்பமும் கோபமும் உண்டு என்று வாசகர் நம்புகிறார். நம்பட்டும். ஆனா, அந்த நம்பிக்கை யாரைத் தப்பவிடுது?

வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ நம்ம மாவட்டத்துக் கதை. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணைக்காக ஊரை இழந்தவர்களின் கதை. 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. படிச்சு முடிச்சதும், ‘தண்ணி எல்லாத்தையும் கொண்டுபோயிருச்சே’ என்கிறோம். தண்ணீர் தானாக மேலேறவில்லை. மதகை அடைத்தது அரசு. அன்றைய 1894ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி இழப்பீடு நிலத்தில் உரிமை உள்ளவருக்கே. பட்டா இல்லாத கூலிக்காரருக்கு என்ன? பிரதி கேட்காவிட்டாலும் வாசகர் கேட்கணும்.

பி.எச். டேனியலின் ‘ரெட் டீ’ 1969இல் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்த்த ‘எரியும் பனிக்காடு’. முன்பணம் காட்டி ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போன தலித் மக்களைக் குளிரும் அட்டையும் மலேரியாவும் தின்கின்றன. கொசு கொன்றது உண்மை. கொசு கடிக்கிற இடத்தில் கடனைச் சொல்லி நிறுத்திவைத்தது மேஸ்திரியும் துரையும். இயற்கையும் இயங்குது, அதிகாரமும் இயங்குது. ரெண்டும் சேர்ந்துதான் கொல்லுது.

இந்த வாசிப்பு நாவலோடு நிற்பதில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு, போடிமெட்டுக்கு அப்பால், மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் செத்தாங்க. பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், தலித்துகள். மலை சரிந்தது, சரி. லயங்களை அதன் அடியில் வரிசையாகக் கட்டியதும் மலையா?

அதுக்காக இயற்கை வெறும் ஜடம்னு சொல்லல. கண்மாய் மடையைக் காத்த குடும்பனுக்குத் தண்ணீரின் போக்கு தெரியும். விடியுமுன் கம்பத்திலும் கோம்பையிலும் ஜீப் ஏறி ஏலத்தோட்டம் போகிற பெண்ணுக்கு மழையின் குணம் தெரியும். அவங்களுக்கு மழையும் ஆறும் வேடிக்கை பார்க்கிற அழகு இல்ல; சோறும் போடும், ஆளையும் அடிக்கும். அந்த அறிவிலிருந்து வாசிப்போம்.

நாவலில் ஆறு பெருகும்போது ரெண்டு கேள்வி கேளுங்க. ஆறு என்ன செஞ்சுது? அதன் வழியில் நம்மைக் குடிவைத்தவன் யார்? ரெண்டாவதைக் கேட்காத கண்ணீர் ஆதிக்கத்துக்குத்தான் துணைபோகும்.