உடை திருத்தும் கூலி

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, கைத்தொழில், ஒற்றுமை முதலிய பெரும் பொருள்கள் பேசப்படும் இம்மேடையில், கோட்டையும் ரவிக்கையையும் திருத்தித் தைப்பதற்காகும் செலவைக் குறித்து யான் பேச எழுந்தது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும், கலியாணத்தின் பொருட்டுக் கடன்படும் குடும்பங்கள் நம்மில் உள்ளவரை, சிறு செலவென்று எதனையும் தள்ளுதல் தகாது. அன்றியும், இவ்விஷயத்தில் யானே பிழை செய்தவனாதலின், அதனைச் சபையறியச் சொல்லிவிடுவது என் கடமையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் மகனது விவாக வரவேற்புக்கென்று ஆயத்த உடையாகக் கோட்டும் கால்சட்டையும் வாங்கினோம். விலை மலிவாயிருந்தது, அது ஒன்றையே நோக்கினோம். வீட்டிற்கு வந்து அணிந்து பார்க்கையில் தோள் இருபுறமும் சரிந்து தொங்கிற்று. முகூர்த்தத்திற்கு நான்கே நாட்கள் இருந்தன. தையற்காரரிடம் கொண்டு சென்றபோது அவர் கேட்ட கூலி, கோட்டின் விலையில் மூன்றிலொரு பங்குக்கு மேலாயிருந்தது. "சற்றுப் பிடித்துத் தைப்பதற்கா இவ்வளவு?" என்று யான் சினந்தேன். அவர் சினவாமல், "ஐயா, தைப்பது அரைமணி வேலை. பிரிப்பதற்குத்தான் கூலி கேட்கிறேன்" என்றார். யான் பேரம் பேசி அதிலும் குறைத்தே கொடுத்தேன்.

அவர் சொல்லின் உண்மையைப் பின்னரே உணர்ந்தேன். அமெரிக்க நாட்டில் எலியாஸ் ஹோ 1846-லும், ஐசக் சிங்கர் 1851-லும் தையல் இயந்திரத்திற்கு உரிமைப் பத்திரம் பெற்றனர். அக்காலந் தொட்டுத் தைப்பது விரைவாயிற்று. பிரிப்பதோ இன்றும் பெரும்பாலும் விரலும் பிளேடுமாகவே நடைபெறுகின்றது. கோட்டின் தோளைக் குறைக்க வேண்டின், லைனிங்கைத் திறந்து, கையைக் கழற்றி, தோளில் வைத்த பஞ்சணையை எடுத்து, துணியை வெட்டி, மீண்டும் கையைச் சுருக்கமின்றிப் பொருத்தி, லைனிங்கை மூடுதல் வேண்டும். கத்தரி ஒருமுறை தவறின், பிறர் பொருளுக்கு அவரே ஈடு சொல்ல வேண்டியவராவார்.

நிற்க. திருத்தங்கள் யாவும் இவ்வாறு அரியனவல்ல. கால்சட்டையின் நீளத்தைக் குறைத்தல் மிக எளிது. இடுப்பின் பின்தையலில் துணி விட்டிருப்பின் சிறிது கூட்டவும் குறைக்கவும் கூடும். கோட்டின் பக்கத் தையலைப் பிடிப்பதும் பெருவேலையன்று. கையின் நீளமோ, மணிக்கட்டுப் பொத்தான்களுக்குத் துளை வெட்டப்படாதிருந்தால் அடியிலேயே குறைக்கலாம். வெட்டப்பட்டிருந்தால் தோளிலிருந்தே குறைக்க நேரும். கோட்டின் நீளத்தை மிகக் குறைத்தாலோ, பைகள் விளிம்பை நெருங்கித் தோற்றம் கெடும். ஆதலின் கோட்டு வாங்குவோர் முதலில் தோளைப் பார்த்து வாங்குவாராக.

துணி விட்டுத் தைக்கும் முறையை நம் பெண்மக்கள் நன்கறிவர். பட்டு ரவிக்கை தைக்கக் கொடுக்கையில் உட்புறம் துணி விடச் சொல்லிப் பக்கங்களில் இரண்டு மூன்று தையல் போடச் செய்கின்றனர். பிள்ளைப்பேற்றுக்குப்பின் உடல் சற்றுப் பெருத்தால் ஒரு தையலைப் பிரித்துவிட்டால் போதும். பட்டில் பழைய ஊசித்தடம் சிறிது தெரியலாம். எனினும் ரவிக்கை பயன்படும். துணியை ஒட்ட வெட்டிவிட்டாலோ, எக்கூலி கொடுத்தும் பயனில்லை.

இனி, திருத்திய உடையை அணிவது கௌரவக் குறைவென்று எண்ணுவோர்க்கு ஒரு வார்த்தை. என் மகன் ஒரே மாலை அணிந்த அக்கோட்டு நான்கு ஆண்டுகள் பீரோவில் தொங்கிற்று. சென்ற தை மாதத்தில் என் தங்கை மகனுக்கு விவாகம் நிச்சயமாயிற்று. தங்கை கணவனை இழந்தவள். கடன் வாங்கியே காரியத்தைத் தொடங்கினாள். பையனுக்குத் தோளளவு என் மகனுடையதே. உடல் மட்டும் மெலிவு. பக்கங்களைப் பிடித்து, கால்சட்டையை மடித்துத் தைக்க ஆன செலவு, புதுக்கோட்டு விலையில் பத்திலொரு பங்கும் இல்லை. "மாமா, இது அத்தான் கோட்டென்று யாரேனும் சொல்லுவார்களோ?" என்று அவன் தயங்கினான். வரவேற்பன்று ஒருவரும் அதனைக் கேட்கவில்லை. கோட்டுக்கென்று தங்கை ஒதுக்கியிருந்த தொகை சமையற்காரருக்கு முன்பணமாயிற்று.

அதனைத் திருத்தியவர் முன்னர்க் கூறிய அதே தையற்காரர். இம்முறை அவர் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்தேன். முன்பு குறைத்த தொகையையும் சேர்த்து நீட்டினேன்; அவர் சிரித்துக்கொண்டே அதனை மறுத்துவிட்டார். அதை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகின்றேன்.

ஆகவே அன்பர்களே! தோள் பொருந்தும் உடையை வாங்குங்கள். உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். முகூர்த்த வாரத்திற்கு முன்னரே திருத்தக் கொடுங்கள். உறவினர் வீட்டுப் பீரோவில் தொங்குவதைக் கேட்டு வாங்க நாணாதீர்கள். பிரித்துத் தைப்பவரிடம் பேரம் பேசாதீர்கள்.