கேட்டதை எழுதும் தொழில்

பாலக்காட்டுச் சித்தூரும் இடுக்கி மலையின் தேவிகுளமும் 1956இல் கேரளத்தில் அடங்கின. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் கேட்டு வளர்வது அங்குள்ள தமிழர்க்கு இயல்பு. அத்தகைய செவிக்கு ஏற்றதொரு தொழிலை வீட்டிலிருந்தே செய்யலாம்; அதுவே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்.

மருத்துவர் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு எழுத்தாக்குவதே இப்பணி. அமெரிக்காவில் இரவாகும்போது நமக்குப் பகல்; அங்குள்ள மருத்துவர் உறங்கி எழுமுன் குறிப்பு ஆயத்தமாகிவிடும்.

'ஹைப்பர்டென்ஷன்' உயர் இரத்த அழுத்தம். 'ஹைப்போடென்ஷன்' தாழ் இரத்த அழுத்தம். ஓரொலி பிறழ்ந்தால் நோயே தலைகீழாகும். மைக்ரோகிராம் மில்லிகிராமானால் மருந்து 1,000 மடங்காகும். ஆகவே, தெளிவாகக் கேளாத சொல்லை ஊகித்து நிரப்பலாகாது. இடம் விட்டுக் குறித்துக் காட்டல் வேண்டும். வீட்டில் செய்யும் வேலையாயினும், பிறர் நோய் வீட்டுப் பேச்சாகலாகாது. நோயாளியின் மறைவைக் காக்க அமெரிக்கா 1996இல் சட்டமே இயற்றியது.

இன்று கணினியே பேச்சை எழுத்தாக்குகிறது. ஆயினும், கேளாத இடத்திலும் ஏதேனும் ஒரு சொல்லை அது பிழையறத் தோன்றுமாறு எழுதிவிடக்கூடும். அதனால் எழுதும் வேலை திருத்தும் வேலையாக மாறிவருகிறது. மொழிபெயர்ப்பை வாழ்வாகக் கொண்ட நாமும் அறிந்த உண்மை இது: வெற்றிடம் வினாவை எழுப்பும், ஊகம் அவ்வினாவையே மறைத்துவிடும். எம்மாநிலத்தில் வாழினும், இத்தொழிலை நாடும் நம்மவர் முதலில் பயில வேண்டியது அவ்விடத்தை விடும் துணிவையே.